வேப்பிலை கட்டிய வீட்டுக்கு லோரி வராது

ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டு நின்றுபோன வருஷம் உங்களில் சிலருக்காவது ஞாபகம் இருக்கும். நம் வயசுக்காரர்கள் நாலு பேர் கூடினால் ஜப்பான்காரன் வந்த கதையைத்தான் பேசுகிறோம். அதற்குப் பல வருஷம் முந்தி, குண்டும் விழாமல் துப்பாக்கியும் வெடிக்காமல் ஒரு சனம் இருந்த இடத்தை விட்டுக் கிளம்பியதை யாரும் அதிகம் பேசுவதில்லை. ரப்பர் விலையைச் சொல்லி, 'கித்தா விலை விழுந்த காலம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். கொஞ்சம் தூண்டிக் கேட்டால், அப்போ நாம சின்னப்புள்ளைங்க, நமக்கென்ன தெரியும் என்கிறோம். நானும் அதைத்தான் சொல்ல வருகிறேன். எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததையெல்லாம் கண்ணால் மட்டும் பார்த்து வைத்திருக்கிறேன்.

நாங்கள் இருந்தது அன்றைய மலாயாவில், கிள்ளானிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தோட்டம். நீளமாக ஒரே கூரைக்குக் கீழே பிரித்துப் பிரித்துக் கட்டிய லயத்து வீடுகள். எங்களுடையது கடைசி வீடு. அதற்குப் பிறகு சாக்கடை, சாக்கடைக்கு அந்தப் பக்கம் லோரி போகிற சடக்கு, சடக்கைத் தாண்டினால் மரம், மரம், மரம்தான். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குத் தப்பு அடிப்பார்கள். அம்மாவும் அப்பாவும் வாளியைத் தூக்கிக்கொண்டு இருட்டில் போவார்கள். வெயில் ஏறினதும் புளித்த பாலின் நாற்றத்தோடு திரும்பி வருவார்கள். அந்த நாற்றம் அம்மா புடவையில் இருக்கும், அப்பா முடியில் இருக்கும், எங்கள் சோற்றில்கூட இருக்கும். அடுத்த வீட்டுப் பெரியம்மா சொல்வாள்: "இந்த நாத்தம் அடிக்கிற வரைக்கும்தான்டி அடுப்பு எரியும்." அவள் எங்களுக்கு உறவில்லை. லயத்தில் மூத்தவள் என்பதால் எல்லாருக்கும் பெரியம்மா.

ஒருநாள் தப்பு அடிக்கவில்லை. மறுநாளும் அடிக்கவில்லை. கொஞ்ச நாளில் நாற்றம் போய்விட்டது. எனக்கு அது பிடித்திருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? காற்று அவ்வளவு சுத்தமாக இருந்தது. மரங்களில் வெட்டிய கோடுகள் காய்ந்து கறுத்தன. பால் பிடிக்கிற மங்குகளில் மழைத்தண்ணீர் நின்று கொசுப்புழு நெளிந்தது. பெரியவர்கள் பகலில் வீட்டில் இருந்தார்கள். எங்களுக்குத் திருவிழா மாதிரிதான் இருந்தது. ஆனால் திருவிழாவில் யாரும் இப்படித் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்களே என்ற குழப்பமும் இருந்தது.

வேலை இல்லாதவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பிவிடுவதாகப் பேச்சு வந்தது. லோரி வந்து கிள்ளானுக்கு ஏற்றிப் போகும். அங்கே முகாமில் வைத்துக் கப்பல் வந்ததும் அனுப்புவார்கள். "ஊருக்குப் போறோம், ஊருக்குப் போறோம்" என்று பேசிக்கொண்டார்கள். எங்களைப் போன்ற வாண்டுகளுக்கு ஊர் என்றால் அந்த லயம்தான். இருக்கிற ஊரை விட்டுவிட்டு எந்த ஊருக்கு என்று நான் கேட்டேன். அம்மா, "அங்க எனக்குத் தெரிஞ்சது ரெண்டு புதைமேடுதான். அதுல ஏறி உக்காந்துக்குவோமா?" என்றாள். எனக்கு மேடு என்றால் விளையாடும் இடம். சரி என்றேன்.

அப்பா கோலாலம்பூருக்கு வேலை தேடிப் போனார். அவரோடு ஒரே கப்பலில் வந்த ஒருவர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தார். 'ஒரே கப்பல்ல வந்தவன் ஒரே வயித்துல வந்தவன்' என்பது அந்தக் காலத்துப் பேச்சு. அவரை நம்பித் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே நடந்து போனார். போகும்போது அம்மாவிடம் ஒன்று மட்டும் சொன்னார்: "நான் வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும் இந்த வீட்டை விட்டு நகராதே. நீ நகர்ந்தா நான் எங்கன்னு தேடுவேன்?"

அவர் போன பின்னால்தான் கங்காணி வந்தார். கறுப்புக் கோட்டு, குடை, பெரிய வயிறு. அவரைக் கெட்டவர் என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை. கெட்ட செய்தி கொண்டுவருகிற நாளில் அவர் குரல் தணிந்துவிடும்.

"அடுத்த லோரியில உன் பேரும் இருக்கும்மா. ஆம்பளை இல்லாத வீடு முதல்ல காலி பண்ணணும்னு துரை உத்தரவு."

"எங்க வீட்டுக்காரரு வேலை தேடிப் போயிருக்காரு, கங்காணி. வந்துருவாரு."

"வரட்டும். வந்து பின்னாடி கப்பல்ல வரட்டும்."

"எழுதப் படிக்கத் தெரியாத மனுசன். கடலுக்கு அந்தப் பக்கம் எந்தத் திக்குல என்னைத் தேடுவாரு?"

கங்காணி குடையை விரித்தார், மடக்கினார். மழையும் இல்லை வெயிலும் இல்லை. "நான் வெறும் தகரக் குழாய்ம்மா. தண்ணி அங்கேருந்து வருது" என்று துரை பங்களா பக்கம் தாடையைக் காட்டிவிட்டுப் போனார்.

லோரி வருகிற அன்று காலை நான் எழுந்தபோது வீடு மஞ்சள் வாசனையில் இருந்தது. தரை முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது. வாசல் நிலையில் வேப்பங்கொத்து கட்டியிருந்தது. லயத்துக்கே ஒரு வேப்பமரம்தான், மாரியாத்தா கோயில் ஓரத்தில். ஆத்தா காரியத்துக்கு அல்லாமல் அதில் கை வைக்க மாட்டார்கள். அம்மா அதில் பாதி மரத்தை ஒடித்துக்கொண்டு வந்ததுபோல மூலையில் இலை குவிந்து கிடந்தது. பாயில் இலையைப் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"வந்து படு."

"எனக்கு ஒண்ணும் இல்லையேம்மா."

"படுன்னா படு. உடம்பு சுடுதா?"

"இல்ல."

"சுடும்."

மஞ்சளும் வேப்பிலையும் அரைத்த விழுதை முகம், கழுத்து, கை, கால் எல்லாம் அப்பினாள். கண்ணும் வாயும் மட்டும் மிச்சம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. "யாரு வந்து கேட்டாலும் பேசாதே. ஆத்தா வந்திருக்கறப்ப பேசக்கூடாது" என்றாள். இது விளையாட்டு என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். சொல்லவில்லை. எனக்கு அம்மை போட்டிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பெரியவர்களுக்குத் தெரிவதெல்லாம் நமக்குத் தெரியவா செய்கிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் ஓர் அண்ணன் இருந்தான். நான் அவனைப் பார்த்ததில்லை. இதே வீட்டில் அவனுக்கு அம்மை போட்டிருந்தபோது, கிள்ளான் பாசாருக்குச் சாமான் வாங்கப் போயிருந்த அப்பா பிள்ளையைப் பார்க்கிற ஆசையில் கால்கூடக் கழுவாமல் நேரே உள்ளே வந்துவிட்டாராம். அம்மை போட்ட வீட்டுக்கு வெளியூர்த் தடம் மிதித்த கால் வரக்கூடாது. அண்ணன் மறுநாள் போய்விட்டான். அதனால்தான் போனான் என்று லயம் முழுக்கச் சொன்னது. அப்பாவும் அப்படியே நம்பினார். அம்மா எதை நம்பினாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அப்படி ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள், இன்னொரு பிள்ளையை அதே இலையில் படுக்க வைக்கும்போது என்ன நினைத்திருப்பாள் என்பதை நானும் பிள்ளை பெற்ற பிறகுதான் யோசித்தேன்.

லோரி வந்தது. அந்தச் சத்தத்தை நான் படுத்தபடியே கேட்டேன். கோழிகள், பிள்ளைகள், தகரப் பெட்டிகள். ஆட்டுக்கல்லையும் அம்மிக்கல்லையும் ஏற்றக் கூடாது என்று டிரைவர் கத்த, அதையெல்லாம் வாசலிலேயே போட்டுவிட்டு ஏறினார்கள். கங்காணி எங்கள் வாசலுக்கு வந்து, வேப்பிலையைப் பார்த்ததும் ரெண்டடி பின்வாங்கிச் செருப்பைக் கழற்றினார்.

"எப்போலேருந்தும்மா?"

"விடியக்காலையிலேருந்து" என்றாள் அம்மா. அது உண்மைதான்.

"முத்து கண்டுருக்கா?"

"கண்டுருக்கு."

அம்மைக் கொப்புளத்துக்கு முத்து என்று பெயர். கங்காணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். மலாய்க்கார டிரைவரிடம் அவர் ஏதோ சொல்ல, அவன் "தபோலே, தபோலே" என்று கையை ஆட்டிக்கொண்டே வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினான். எங்களை ஏற்ற முடியாது என்று அவன் சொன்னது மலாய் தெரியாத எனக்கே புரிந்தது.

எதிர் வீட்டில் என் கூட்டாளி ஒருத்தி இருந்தாள். அவளும் அந்த லோரியில்தான் போனாள். அம்மை போட்ட வீட்டில் போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாது. அதனால் அவள் ஒன்றும் சொல்லவில்லை. மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு பந்து செய்திருந்தோம், கறுப்பாக, தேங்காய் அளவு. தரையில் போட்டால் கூரைக்குப் போகும். அதை எங்கள் வாசலுக்கு உருட்டிவிட்டுப் போனாள். அம்மா அதை ஒரு குச்சியால் தள்ளிச் சாக்கடையில் விட்டாள். வெளிச்சாமான் உள்ளே வரக் கூடாது. நான் அழுதேன். ஆத்தா வந்திருக்கறப்ப அழக் கூடாது என்றாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எனக்கு வரிசையாகச் சொல்லத் தெரியாது. தாளிக்காத சாறு, உப்பில்லாத கஞ்சி, இளநீர். அம்மா தலை சீவவில்லை. அடுப்பு நெருப்பு யாருக்கும் கொடுக்கவில்லை. பொய்க்குச் செய்கிறவள் இவ்வளவு சுத்தமாகவா செய்வாள்? விழுது காய்ந்து தோலை இழுக்கும், அரிக்கும். வேப்பங்கொத்தால் வருடிவிடுவாள். வருடினால் இன்னும் அரிக்கும். முத்து வந்திருக்கிறதா என்று பார்க்க விழுதைச் சுரண்டுவேன். அம்மா உடனே அடுத்த பூச்சு பூசிவிடுவாள். அடியில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை.

லோரிக்கு வரமாட்டோம் என்று பிடிவாதமாக நின்ற குடும்பங்கள் சில மிச்சம் இருந்தன. சாக்கடை ஓரத்தில் மரவள்ளி நட்டு, கீரை பறித்துக் காலம் தள்ளினார்கள். அவர்கள் தினமும் வாசலுக்கு வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பெரியம்மா கூழ் கொண்டுவந்து நிலைக்கு வெளியே வைப்பாள். ஒருநாள் வைத்துவிட்டுப் போகாமல் உட்கார்ந்துகொண்டாள். என்னிடம் பேசவில்லை, எனக்குள் இருந்த ஆத்தாவிடம் பேசினாள்.

"தாயே, கங்காணி தினமும் வந்து தொண்டையில கத்தி வைக்கிறான். கப்பலா, காடா, நீயே சொல்லு. அங்க என் மவன் இருக்கான், ஆனா மருமவ வாய் மொளகாத்தூள். இங்க யாரும் இல்ல, ஆனா திட்டவும் யாரும் இல்ல. நான் என்ன செய்யட்டும்?"

அம்மா, "பெரியம்மா, ஆத்தா இன்னும் வாக்கு சொல்லலை" என்றாள் அவசரமாக.

"நீ சும்மா இரு. உன்னைக் கேக்கல."

பேசக் கூடாது என்று உத்தரவு. இல்லையென்றாலும் அந்த வயசில் என்ன சொல்ல? வெயில் நேரம். வயிறு நிறைய கூழ். நான் தூங்கிப்போனேன். பெரியம்மா வெகுநேரம் காத்திருந்தாளாம். பிறகு எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "தூங்கிட்டா. அப்ப அவசரமில்லைன்னு அர்த்தம். எனக்குக் கப்பல் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். அதைக் கேட்டு மற்றக் குடும்பங்களுக்கும் தெம்பு வந்துவிட்டது. ஆத்தா இங்கேதான் இருக்கிறாள், தூங்குகிற அளவுக்கு நிம்மதியாக இருக்கிறாள், நாம் ஏன் போக வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை என்று அவள் முகம் சொன்னது. ஏன் பிடிக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

அப்பா வந்தது ஒரு பகல் நேரத்தில். முதலில் அவர் இருமல்தான் கேட்டது. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வாசல் வழியாகப் பார்த்தால், சாக்கடைக்கு அந்தப் பக்கம் சடக்கிலேயே நின்றுகொண்டிருந்தார். கால் முழுக்கச் செம்மண். அவருக்குப் பின்னால் பெரியம்மா, இன்னும் நாலைந்து பேர். பக்கத்தில் குடையோடு கங்காணி. அப்பா வேப்பிலையைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். பிறகு எங்கேயும் பார்க்கவில்லை.

"உள்ள வாங்க" என்றாள் அம்மா.

சுற்றி நின்ற கூட்டம் மூச்சை இழுத்தது. பெரியம்மா, "உனக்குப் புத்தி பேதலிச்சிருச்சா? தடம் மிதிச்ச காலு" என்றாள்.

"ஒரு வார்த்தை சொல்லணும். வந்து கேட்டுட்டுப் போங்க."

"அங்கேருந்தே சொல்லு புள்ள" என்றார் அப்பா. "ஒரு தடவை வந்தது போதும் எனக்கு."

அம்மா கங்காணியைப் பார்த்தாள். அவர் போகிற வழியாக இல்லை. வாய் திறந்து உண்மையைச் சொன்னால் அடுத்த லோரியில் நாங்கள். சொல்லாவிட்டால் அப்பா சாக்கடையைத் தாண்ட மாட்டார். அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டே பேசினார். "பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு பால்காரரு மாட்டுக்கொட்டாய்ல வேலை சொல்லியாச்சு. படுக்க எடமும் உண்டு. ஆனா மாட்டைப் பார்க்க ஒரு ஆளு, பால் ஊத்த ஒரு ஆளு, ரெண்டு பேரும் வேணுமாம். நாளைக்கு வந்து நிக்கலைன்னா வேற குடும்பம் காத்திருக்கு. நான் போய்த் தவணை கேட்டுப் பாக்கறேன். மூணு தண்ணி ஊத்தி முடிஞ்சதும் வரேன்."

அம்மை இறங்கியதும் நாள் விட்டு நாள் மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் ஆத்தா வீட்டை விட்டுப் போனதாகக் கணக்கு. அதுவரை யார் காத்திருப்பார்கள்? இதில் கங்காணி வேறு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, "நீ கவலைப்படாத. டிரசர் ஐயாவுக்குச் சொல்லி அனுப்பிட்டேன். நாளைக்கு ஆஸ்பத்திரி வண்டி வந்து புள்ளையத் தனி வார்டுக்குக் கொண்டுபோயிரும்" என்றார்.

அப்பா என்னைப் பார்த்து, "பாப்பா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். பிறகு திரும்பி நடந்தார். அந்த முதுகு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சட்டை நனைந்து நடுவில் ஒட்டியிருந்தது.

அம்மா உள்ளே வந்து, நிலையில் கட்டியிருந்த கொத்தை அவிழ்த்து என் தலையில் செருகினாள். மஞ்சள் துணியைச் சுற்றி என்னைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். செம்பில் மஞ்சள் தண்ணீர் எடுத்தாள். சட்டி, பானை, பாய், துணி எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. வாசல் வழியாக வெளியே இறங்கினாள்.

யாரும் தடுக்கவில்லை. எப்படித் தடுப்பார்கள்? அம்மைக் குழந்தை வெளியே வருவதை அவர்கள் கண்டதில்லை. கூட்டம் இரண்டாகப் பிளந்தது. கங்காணி குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒதுங்கினார். பெரியம்மா தரையில் விழுந்தாள். "ஆத்தா எழுந்துட்டா" என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். ஒரு பெண் ஓடிவந்து அம்மாவின் காலில் குடம் தண்ணீரை ஊற்றினாள். அம்மாவின் இதயம் என் விலாவில் இடித்துக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் நீ யார் என்று என்னைக் கேட்டிருந்தால், நான் என் பெயரைச் சொல்லியிருப்பேனா, ஆத்தா என்றிருப்பேனா, தெரியாது.

சடக்கு வளைகிற இடம் தாண்டி அப்பாவைப் பிடித்தோம். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவர் பின்பக்கமாகவே நடக்க ஆரம்பித்தார். பெற்ற மகளைக் கண்டு பயந்து பின்வாங்குகிற ஒரு மனுசனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன்.

"கிட்ட வராத புள்ள. அவளுக்கு ஆகாது. நான் ஆகாதவன்."

"இவளுக்கு ஒண்ணும் இல்ல."

"வேப்பிலை கட்டியிருக்கு."

"நான்தான் கட்டினேன். லோரியில ஏத்தாம இருக்கறதுக்காகக் கட்டினேன். நீங்கதானே நகராதேன்னு சொன்னீங்க?"

அப்பாவுக்கு அது காதில் ஏறவில்லை என்றே நினைக்கிறேன். அம்மா என்னைக் கீழே இறக்கி, செம்புத் தண்ணீரால் முகத்தைத் தேய்த்துக் கழுவினாள். வலித்தது. விழுது கட்டிகட்டியாகக் கரைந்து கழுத்தில் ஓடியது. "பாருங்க" என்றாள். "நல்லாப் பாருங்க."

அப்பா தூரத்திலிருந்தே எட்டிப் பார்த்தார். "நெத்தியில முத்து இருக்கே" என்றார்.

அம்மாவும் குனிந்து பார்த்தாள். நெற்றியில் ஏதோ இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் உடனே பேசவில்லை. "வேர்க்குரு" என்றாள் பிறகு. "அத்தனை நாள் விழுதைப் பூசி வெச்சா வேர்க்காதா?"

"முத்து புள்ள. எனக்குத் தெரியாதா முத்து எப்படி இருக்கும்னு?"

இருவரும் என் நெற்றியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அதைத் தொட்டுப் பார்க்கக் கையைக் கொண்டுபோனேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "தொடாதே" என்றார்கள்.

அப்புறம் அம்மா சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது. "வேர்க்குருவோ முத்தோ, எனக்குச் சண்டை போட நேரமில்ல. போன தடவை நீங்க உள்ள வந்ததால ஒண்ணு போச்சுன்னாங்க. இந்தத் தடவை நீங்க வெளியவே நின்னா, இதுவும் போகும், நானும் போவேன். கப்பல்ல. எது வேணும், நீங்களே சொல்லுங்க."

அப்பா சடக்கோரச் சாக்கடைத் தண்ணீரில் காலைக் கழுவினார். கையைக் கழுவினார். மறுபடியும் காலைக் கழுவினார். பிறகு என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அவர் பல் கிட்டித்துக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது. வழியில் ஒரு விறகு வண்டி கிடைத்தது. வண்டிக்காரர் கேட்பதற்கு முன்பே அம்மா என் தலையிலிருந்த வேப்பிலையைப் பிடுங்கி எறிந்திருந்தாள்.

பிரிக்பீல்ட்ஸில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் எங்கள் வாழ்க்கை தொடங்கியது. எனக்குக் காய்ச்சல் வந்ததா? அப்பா வந்தது என்பார். அம்மா வரவில்லை என்பாள். ஒருவர் இல்லாதபோது மற்றவர் சொல்வார், நேருக்கு நேர் சொல்ல மாட்டார்கள். ஆனால் கட்டின ஆத்தாவை அவிழ்க்காமல் விடக் கூடாது என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். ஆகவே மாடு கழுவுகிற கல்லில் என்னை உட்கார வைத்து மூன்று தண்ணீரும் ஊற்றினார்கள். ஊற்றியவள் அம்மா. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீர். ஊற்றும்போது அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. மன்னிப்புக் கேட்டாளா, நன்றி சொன்னாளா, தண்ணீர் என் காதுக்குள் போய்விட்டது.

சில வருஷம் கழிந்தது. நான் தாவணி போட்டுவிட்டேன். ஒருநாள் மத்தியானம், அம்மா பால் செம்புகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது, கொட்டகை வாசலில் ஒருவர் வந்து நின்றார். வயிறு இல்லை, கோட்டு இல்லை. குடை மட்டும் இருந்தது. தோட்டத்தில் அவருக்கும் வேலை போய், கோலாலம்பூரில் ஒரு கிட்டங்கியில் காவல் பார்க்கிற ஜாகாவாக இருந்தார். யாரோ சொல்லித் தேடி வந்திருக்கிறார்.

அம்மா பலகை எடுத்துப் போட்டுத் தேத்தண்ணி வைத்தாள். "உக்காருங்க கங்காணி."

"இன்னும் கங்காணின்னு நீ ஒருத்திதாம்மா கூப்பிடுற" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் மாட்டைப் பற்றிப் பேசினார். அப்புறம் தன்னால் அந்தப் பேச்சுக்கு வந்தார்.

"நீ புள்ளையத் தூக்கிட்டு இறங்கிப் போன அன்னிக்குச் சனம் பூரா சடக்குல நின்னு பார்த்துச்சு. ஒருத்தரும் அன்னிக்குச் சோறு பொங்கல. நான் எத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தியிருப்பேன், லோரியில ஏறுங்கடான்னு. ஏறினானுங்களா? மறுநாள் லோரி வந்து நின்னுச்சு. நான் வாயையே தொறக்கல. தானா வந்து ஏறுறாங்க, ஒவ்வொருத்தரா."

"ஏன்?" என்றாள் அம்மா.

"ஏனா? ஆத்தாளே காலி பண்ணிட்டுப் போயிட்டா, நமக்கு இங்க என்ன இருக்குன்னு பேச்சு. அந்தப் பெரியம்மாதான் மொதல்ல ஏறினா. மகன் பேரைச் சொல்லிக்கிட்டே ஏறினா."

அம்மா கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள். "அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"கப்பல் போனது தெரியும். போய்ச் சேர்ந்தது யாருக்குத் தெரியும்?"

எனக்கு அவளைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. அவள் கட்டியதும் அவிழ்த்ததும் எங்கள் மூன்று பேருக்காக மட்டும்தான். அதை அவர்கள் எல்லாருக்குமாக எடுத்துக்கொண்டார்கள். போனவர்கள் அங்கே நன்றாகவும் இருந்திருக்கலாம். இருந்தவர்கள் இங்கே பட்ட பாட்டைப் பின்னால் நாமே பார்த்தோம். எது சரி என்று இந்த வயசிலும் என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அப்போது மட்டும் எப்படி வந்திருக்கும்?

கங்காணி பலகையிலிருந்து எழுந்தார். என் பக்கமாகத் திரும்பிச் செருப்பைக் கழற்றினார். இரண்டு கையையும் குவித்துக்கொண்டு, "பாப்பாவுக்கு உடம்பு பூரணமாத் தேறிடுச்சா?" என்று கேட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் நிமிரவில்லை.

"தேறிடுச்சு" என்றேன்.

அம்மா அவருடைய கோப்பையில் பால் ஊற்றத் தொடங்கினாள். அவர் போதும்மா என்று கையைக் காட்டினார். அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். கோப்பை நிறைந்து, தட்டு நிறைந்து, பால் பலகையில் வழிந்தது. அவரும் நானும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.